ஊசி கையில், காது டிவியில்



இந்தக் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் 'தொலைக்காட்சியால் விளைவது நன்மையா, தீமையா' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதே தலைப்பில் எத்தனையோ பட்டிமன்றம் கேட்டாயிற்று. 'அளவோடு பார்த்தால் நன்மை' என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார், நாமும் கைதட்டிவிட்டுக் கலைந்து போவோம். எனக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. யார் வீட்டு டிவி, பார்க்கிறவர் கை அப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கேட்காமல் சொல்கிற தீர்ப்பு அது. அதனால் நான் நம் ஊர்களை மட்டும் வைத்துப் பேசப் போகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோலை நம்பிப் பிழைக்கிற ஊர்கள்.

ஷூ வேலை எல்லாமே கம்பெனிக்குள் முடிந்துவிடுவதில்லை, உங்களுக்குத் தெரியும். வெட்டி, துளை போட்ட ஷூ மேற்பகுதியை, அதாவது அப்பரை, கோணிப்பையில் கட்டி ஏஜெண்ட் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். என் அக்கா பல வருடம் அதைத் தைத்தார். காலை நீட்டி உட்கார்ந்து, மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர இழுப்பார். நூல் தளர்ந்தால் சரக்கு திரும்பி வரும். இறுக்கினால் விரலை அறுக்கும். அதற்காக விரலில் துணி சுற்றியிருப்பார். எதிரே டிவி ஓடும், ஆனால் கண் துளையை விட்டு நகராது. 'கோலங்கள்' அவர் பார்த்த தொடர் இல்லை, கேட்ட தொடர். பின்னணி இசை திடீரென்று ஏறும்போது மட்டும் தலை நிமிரும். யார் அழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி குனியும்.

ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிற பெண்ணுக்கு ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பகலைக் கடக்கப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும். சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்று மேடையேறிப் பேசுகிறவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பாயில் உட்கார்ந்து ஒரே ஒரு ஜோடி தைத்துவிட்டு வந்து பேசுங்கள்.

அந்த டிவி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. நம் பக்கம் மொட்டை மாடியில் உயரமான ஆன்டெனா நட்டு, பனி மூட்டம் போன்ற படத்தைப் பார்த்த காலம் எண்பதுகள். தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் ஊரே அங்கே கூடும். ஊரே என்று சொல்லிவிட்டேன், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரவில்லை. சில பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் திண்ணையில். எங்கள் காலனிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். முன்னால் நிற்கிறவன் தலை மறைக்கும். விளம்பரம் வந்தால் உள்ளிருந்து ஒருவர் வந்து ஜன்னலைச் சாத்துவதும் உண்டு. அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. கலைஞர் ஆட்சி. பதினான்கு அங்குலப் பெட்டி. ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். மக்கள் பணம் வீண் என்றார்கள் சிலர், ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள் சிலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குக் கொடுப்பது சட்டப்படி ஊழல் ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், நானே வாத்தியார். ஆனால் அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுகூட இன்னொரு வீட்டு ஜன்னலில் நிற்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தத் திட்டத்தை நான் எந்த மேடையிலும் குறைத்துப் பேசமாட்டேன். 2011-இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தபோது கூலிக்காரர் வீட்டிலும் அந்தப் பெட்டி தொடர்ந்து ஓடியது.

டிவி உயிர் காத்த கணக்கையும் சொல்ல வேண்டும். நம் வேலூர் சிஎம்சி மருத்துவர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் போலியோ சொட்டு மருந்தை ஒரே நாளில் ஊர் முழுக்கக் கொடுக்கும் வழிக்காகப் பாடுபட்டார்கள். 1995-இலிருந்து நாடு முழுக்க அப்படிக் கொடுத்தபோது, எந்த நாள் என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் சொன்னது டிவிதான்.

வெள்ளத்தையும் பாருங்கள். 1903 நவம்பரில் மேலே மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாறு பெருகி வந்தபோது வாணியம்பாடிக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. இருட்டில் வந்த தண்ணீர் எத்தனையோ உயிரை அடித்துக்கொண்டு போனது. அதன் நினைவுத்தூண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. 2021 நவம்பரில் அதே பாலாறு கரை தொட்டு ஓடியபோது ஆற்றோரம் இருக்காதீர்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியும் அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேரை இழந்தோம். அதில் நான்கு பேர் குழந்தைகள். ஆறு வருவதைச் சொல்லிவிட்டோம். மழையில் ஊறிய பழைய சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இனி மனக்குறைக்கு வருகிறேன்.

மாலை ஏழிலிருந்து பத்து வரை நம் வீடுகளில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் விழித்திருக்கிற நேரம். சீரியல்காரர்களுக்கும் அதே நேரம்தான் வேண்டும். வீட்டுப்பாட நோட்டைப் பார்த்தே தொடர் எந்த வரியில் ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியும். அதுவரை நேராக வந்த கையெழுத்து கோட்டை விட்டு இறங்கும், எழுத்துக்குக் கொம்பு போய்விடும். பிள்ளையைத் திட்டி என்ன செய்ய? ஒற்றை அறை வீட்டில் அது முதுகைத் திருப்பி உட்கார்ந்தாலும் காது திரும்புமா? அந்த மூன்றில் ஒரு மணி நேரமாவது பெட்டியை அணையுங்கள் என்று பெற்றோரிடம் நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன்.  

அதே டிவி பள்ளிக்கூடமாக மாறியதையும் பார்த்தோம். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2020-இல் கொரோனா வந்து பள்ளியும் மூடி, கம்பெனியும் மூடி, ஆர்டர் நின்று வீட்டில் சோற்றுக்கே திண்டாடியபோது, அரசு கேபிளில் 200-ஆம் சேனலை வைத்துப் பாடம் கேட்டார்கள் நம் பிள்ளைகள். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு அதுதான் வகுப்பு. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சார், டிவியில கணக்கு போட்டாங்க, மூணாவது வரி எப்படி வந்துச்சுன்னு தெரியல. யாரைக் கேக்கறது?" அந்தக் கேள்விக்கு டிவியிடம் பதில் இல்லை. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டிவந்தது அதனால்தான்.

இவை எல்லா ஊருக்கும் உள்ள குறைகள். நம் ஊருக்கென்று ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இத்தனை வருடம் என் அக்கா கேட்ட கதைகளில், டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு விடியலில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. 'கோலங்கள்' நாயகி சொந்தமாகக் கட்டட நிறுவனம் நடத்தினாள், அதுவரை மகிழ்ச்சி. ஷூ தைத்த பெண் எந்தக் கதையிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. நம் ஊரைத் தொடும் கதை ஒன்று வந்தும் என்ன ஆயிற்று? 1990-இல் தூரதர்ஷனில் திப்பு சுல்தான் தொடர் வந்தபோது உருது பேசும் வீடுகள் உள்ள தெருவே அடங்கிவிடும். திப்புவின் பிள்ளைகளை வெள்ளைக்காரன் அடைத்து வைத்த கோட்டை, இதோ, வேலூரில் இருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் புரட்சி செய்த கோட்டை. தொடரைப் பார்த்த எத்தனை பேர் கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம்?

நம்மை டிவி எப்போது தேடி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2015-இல் இரண்டு முறை வந்தது. ஜனவரி கடைசி நாள், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கேமரா வந்தது. அடுத்து ஜூன் மாதம் ஆம்பூரில் கலவரம். மறுபடி கேமரா வந்தது, எரிகிற வண்டியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அன்று இரவு பயந்துபோன பக்கத்து வீட்டாரை உள்ளே அழைத்துப் படுக்க வைத்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். உங்களை யாரும் காட்டவில்லை.

டிவி எடுத்துச் சொல்லாததும் ஒன்று உண்டு: பாலாற்றில் கலந்த தோல் கழிவுநீரைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை நம் பாலாற்று வழக்கைப் படிக்கிறான். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே விஷயத்தில் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் கிணறு வைத்திருக்கிறவருக்கு அந்த உத்தரவில் தனக்கு என்ன இருக்கிறது என்று யார் எடுத்துச் சொன்னார்கள்? நெல் போடுகிறவருக்குத் தூரதர்ஷன் 'வயலும் வாழ்வும்' கொடுத்தது. எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று விவசாயி கேட்டுத் தெரிந்துகொண்டார். தோல் தொழிலாளிக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் எந்தச் சேனலிலாவது உண்டா? தோல் பதனிடும் குரோம் தண்ணீரில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று சொல்ல, இஎஸ்ஐ அட்டையை எப்படி வாங்குவது என்று சொல்ல, வீட்டில் தைக்கிறவருக்கு பிஎஃப் ஏன் இல்லை என்று கேட்க?

சென்னைச் சேனல்கள் செய்யும் என்று நான் காத்திருக்கச் சொல்லவில்லை. நம் ஊர் கேபிள்காரர்கள் உள்ளூர்ச் சேனல் நடத்துகிறார்கள். கல்யாண வாழ்த்து ஓடுகிறது, கடை விளம்பரம் ஓடுகிறது, ரம்ஜானுக்கு பயான் ஓடுகிறது. அந்தச் சேனலில் வாரம் ஒரு மணி நேரம் கேட்போம். ஞாயிறு காலை, தமிழிலும் உருதுவிலும். டாக்டர் ஒருவர் தோல் அரிப்பைப் பற்றிப் பேசட்டும். வக்கீல் ஒருவர் அந்தத் தீர்ப்பை எளிமையாகச் சொல்லட்டும். அப்பர் தைக்கிற அக்கா ஒருவர் ஒரு ஜோடிக்கு எத்தனை தையல், எவ்வளவு கூலி என்று தன் வாயாலேயே சொல்லட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு கேபிள் நடத்துகிறவர்களை அழைத்திருக்கிறோம், வருகிறேன் என்றிருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், என் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். நோட்டு நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது.