நாற்றுக்கு ஒரு நிழற்குடில்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பாசிக்குடா. நெடுந்தூரம் இறங்கி நடக்கத்தக்க அதன் ஆழமற்ற கடலைக் காண வருவோர் பலர். அந்தக் கரையோர மணலில் ஒரு கத்தரி நாற்றை வளர்த்தெடுப்பது எத்துணை அரிது என்பதை அங்கு வாழ்வோரே அறிவர். கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலின் ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சிவிடும். ஐப்பசிக்குப் பின் வாடையோடு வரும் மழையோ, விதையை மண்ணோடு அரித்துச் செல்லும்.

2022ஆம் ஆண்டு இலங்கையைப் பொருளாதார நெருக்கடி வருத்தியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கவும் அமைச்சரவை இசைந்தது. ஆனால், விடுமுறை மட்டும் பயிரை முளைப்பிக்குமா? ரூபாயின் மதிப்பு வீழ்ந்த அக்காலத்தில் இறக்குமதி விதையின் விலையும் ஏறிற்று. வாங்கிய விதையில் பாதி நாற்றாகும்போதே மடிந்தால், அந்த இழப்பு வீட்டுக் கறிச்சட்டியில் தெரியும்.

நாற்றுக்குக் குடில் என்றதும் பலர் குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டை எண்ணுகின்றனர். அது வெப்பத்தைச் சேர்த்து வைப்பதற்காக எழுந்தது. பாசிக்குடாவிலோ வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்; மழைத்துளியின் அடியைத் தடுக்க வேண்டும்; காற்று உலாவ இடம்விட வேண்டும். நாற்புறமும் பொலித்தீனால் மூடிய குடில் இங்கே நாற்றை அவித்துவிடும். புழுக்கத்தில் நாற்றடி அழுகலும் விரைந்து பரவும்.

ஆகவே கூரை வேண்டும், சுவர் வேண்டா. ஒரு மீற்றர் அகலமான மேடையை 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, மணலோடு சாணஎருவும் மேல்மண்ணும் கலந்துகொள்க. விதைக்குமுன் அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது, அழுகல்நோயை அடக்கும் எளிய முறை. நான்கு மூலையிலும் கிளிசறியாக் கதியால் நடலாம். கிழக்குப்புறம் உயர்ந்தும் மேற்குப்புறம் தாழ்ந்தும் கூரை அமைந்தால் காலை வெயில் உள்ளே வரும், பிற்பகல் வெயில் தடைபடும். ஆனால் வாடைமழை வடகிழக்கிலிருந்தே சாய்ந்து அடிக்கும். மாரிக்காலத்தில் மட்டும் அப்பக்கத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, மழை ஓய்ந்ததும் சுருட்டிவிட வேண்டும்.

கூரைக்குக் கோடையில் பழைய கிடுகே சிறந்தது. மழைக்காலத்தில் வெற்று உரப்பைகளைப் பிரித்துக் கழுவித் தைத்துப் போடலாம். மீனவர் கழித்த வலை வாழைச்சேனைப் பக்கத்தில் கிடைக்கும். கூரையைக் காற்று தூக்காமல் இறுக்கிக் கட்டவும், கோழி கிளறாமல் சுற்றி மறைக்கவும் அது உதவும்.

போருக்குப் பின் எழுந்த உல்லாச விடுதிகளால் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் குறைவில்லை. அடியை வெட்டி நாற்றின்மேல் கவிழ்த்தால் நத்தைக்கும் வெட்டுக்கிளிக்கும் காவலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் தோட்டக்காரர் கவிழ்த்த கண்ணாடி மணிக்கு இது ஏழை உறவு. எனினும், மூடியைத் திருகி எடுத்துவிட்டு, நிழலிலேயே கவிழ்க்க வேண்டும். வெட்டிய அடித்துண்டுகளை முற்றத்தில் எறிந்தால் அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

நாற்றுக் கிண்ணத்திற்குப் போத்தலைவிடப் பத்திரிகைத்தாள் மேலானது. ஒரு தாளைப் போத்தலின்மேல் சுற்றி அடியை மடித்தால் கிண்ணம் ஆயிற்று. வைக்கோலைக் கடதாசியாக்கும் ஆலை 1950களில் எழுந்த வாழைச்சேனைக்கு அண்மையில், கடதாசி மீண்டும் மண்ணுக்குப் போவது பொருத்தந்தானே! கிண்ணத்தோடு நடுவதால் வேர் அறுபடாது.

தக்காளி மூன்று வாரத்திலும், கத்தரி, மிளகாய் நான்கு வாரத்தை ஒட்டியும் நடவுக்கு வரும். கடைசி வாரத்தில் நீரைச் சிறிது குறைத்து, கிடுகை நாளுக்குச் சில மணிநேரமாக விலக்கிப் பழக்க வேண்டும். நிழலிலேயே நெடுத்த நாற்று, கச்சான் காற்றில் ஒரு நாளும் தாங்காது. நடவு மாலை வேளையில் நிகழட்டும்.

நட்ட பின் கூரையையும் பிரித்துவிட வேண்டும். கிடுகு உக்கினால் உரமாகும். வெயில் பட்ட உரப்பை சில மாதங்களில் நாராக உதிர்ந்து, மழைநீரோடு வாவியில் சேரும். அது உதிரத் தொடங்குமுன்னரே மடித்து, அடுத்த போகத்திற்கு நிழலில் வைப்பவருக்கு அதே பை மறுமுறையும் கூரையாகும்.