பாடத்துக்கு முன் ஒரு நிமிடம்

(அறக்கட்டளையின் மாலை நேர வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





"பிள்ளைக்குக் கவனமே இல்லை." நம் கூட்டங்களில் அதிகம் வரும் புகார் இதுதான். கவனி, கவனி என்று நாள் முழுதும் சொல்கிறோம். எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறோமா?

அதற்கான பயிற்சியை 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். செய்கிற வேலையில் மனத்தை நிறுத்துவது. அது விலகினால் எரிச்சல் படாமல் திரும்ப அழைத்து வருவது. பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்து, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காக மதச்சார்பற்ற பயிற்சியாக இதை அமைத்தவர் ஜான் கபாட் ஜின். பிறகு பள்ளிகளுக்கும் வந்தது.

இது நம் மார்க்கத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். நாம் செய்யப்போவதில் மந்திரமோ வழிபாடோ இல்லை. தொழுகையில் உள்ளம் ஒன்றி நிற்க வேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, மனத்தை ஒருமுகப்படுத்துவது புதிய செய்தியும் அல்ல.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கியது. நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை இதற்கெனப் பாடவேளை ஒதுக்கினார்கள். தேர்வு வைக்கவில்லை. சில நிமிட அமைதி, பிறகு கதை, செயல்பாடு, உரையாடல்.

ஆனால் எல்லாக் குறைக்கும் இதுவே மருந்து என்று சொல்லமாட்டோம். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆசிரியர்களிடம் மட்டும் பணிச்சோர்வு ஓரளவு குறைந்திருந்தது. ஆகவே ஆசிரியரிடமிருந்தே தொடங்குவோம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஒன்றைக் கண்டறிந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளுகின்றன. வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது.

நம் வகுப்புகளில் மூன்றைக் கடைப்பிடிப்போம்.

முதலாவது, புத்தகம் திறக்குமுன் ஒரு நிமிடம் அமைதி. ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கட்டும். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். இதைத் தண்டனையாக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருப்போம்.

மூன்றாவது, கோபம் வரும்போது மூச்சை நிதானமாக விட்டுப் பிறகு பேசுவோம். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்திருக்கிறது. நம் மாலை வகுப்புக்கும் அதுவே அளவுகோல்.

பசியோடு வந்த பிள்ளையிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது நியாயமல்ல. முதலில் சாப்பிடக் கொடுப்போம். ஒரு பிள்ளை பல நாள் ஒதுங்கியே இருந்தால், அழுதால், ஒரு நிமிட அமைதி போதாது. பெற்றோரிடம் பேசுவோம், மருத்துவரிடம் அனுப்புவோம். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. பிள்ளை பள்ளிக் கதை சொல்லும்போது கைபேசியைக் கீழே வையுங்கள். முழுதாகக் கேளுங்கள்.

மூன்று மாதம் செய்து பார்ப்போம். பயன் உண்டா என்று பிள்ளைகளிடமே கேட்போம். இல்லையென்றால் மாற்றிக்கொள்வோம். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக.