சோப்புக்கட்டியும் ஒரு ஸ்பேர் பார்ட்



"அஞ்சு நிமிஷம் பேசுப்பா, ஆனா தெர்மோடைனமிக்ஸ் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் வழியில் நின்றுபோன வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன். நடுவில் தெர்மோடைனமிக்ஸ் வந்தால் நான் பொறுப்பல்ல.

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடரை இங்கே பலர் ஓட்டியிருப்பீர்கள். வெயில் நேரத்தில் மலைப்பாதை ஏறும்போது இன்ஜின் இருமி நின்றுவிடும். டிரைவர் பதற மாட்டார். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போவார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும். சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. அந்தப் பம்புக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும், ஆவியைத் தள்ள வராது. குளிரவைத்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். நாம் பரீட்சையில் 'வேப்பர் லாக்' என்று எழுதி மார்க் வாங்கினோம். அவர் துணியை நனைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

டாங்கில் பொட்டு ஓட்டையா? சோப்பைக் குழைத்து அப்புவார்கள். சோப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. ஃபேன் பெல்ட் அறுந்ததா? நைலான் துணியை முறுக்கி, டைனமோவை விட்டுவிட்டு, கிராங்க் புல்லிக்கும் வாட்டர் பம்புக்கும் மட்டும் இறுக்கிக் கட்டி, மெதுவாக அடுத்த ஊர் வரை ஓட்டுவார்கள். பாட்டரி சார்ஜ் ஆகாது. ஆனால் இன்ஜின் கொதிக்காது. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து செய்த வேலை அது.

இவற்றிலெல்லாம் வைத்தியம் பலிக்காவிட்டால் என்ன ஆகும்? வண்டி மறுபடி நிற்கும். அவ்வளவுதான்.

இன்னொரு ஜாதி ரிப்பேர் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் ஒரு ஜீப். ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ செம்புக் கம்பியைச் சொருகிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அதை மறந்தும் போனார்கள். ஒரு ராத்திரி டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. நாலு பேர் குதித்துத் தப்பினார்கள். அன்று ஓட்டிய டிரைவர் வேலைக்குப் புதுசு. கம்பி விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

ஃபியூஸ் போனது பழுதல்ல, நண்பர்களே. எங்கோ ஒயர் உரசுகிறது என்று அது சொன்ன சேதி. சேதி கொண்டுவந்தவனை விரட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த சைட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். தற்காலிக ரிப்பேர் செய்தால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். சரியான பாகம் போட்ட பிறகுதான் அவிழ்க்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஃபியூஸ் மூன்றிலும் கைவைத்தியமே கூடாது. கயிறு கட்டி இழுத்து வா. செலவு ரெண்டு முழம் துணிதான்.

இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டாங்குக்குள்ளேயே இருக்கிறது, ஈரத்துணிக்கு வேலையில்லை. ஆனால், "இந்தப் பாகம் எதற்கு? இது போனால் யாருக்கு ஆபத்து?" என்ற கேள்விக்கு என்றும் வேலை உண்டு. பார்க்காமல் அந்தக் கேள்வி வராது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருட நன்கொடையில் நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய இன்ஜின் வாங்கிக் கொடுப்போம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அல்ல. பசங்க பிரித்து, கையைக் கறையாக்கிக்கொண்டு, மறுபடி மாட்டிப் பார்க்க. நாலு நட்டு மிஞ்சினாலும் பரவாயில்லை, ஏன் மிஞ்சியது என்று தேடட்டும்.

முதல் தவணை என்னுடையது.