சவுக்கடிப் பாட்டும் அம்மன் பாட்டும்

ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். திருவிழாவுக்குக் கோயில் மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் முதலில் ஒலிப்பது எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுதான். அதே குரல் பாடிய சினிமாப் பாட்டு ஒன்றை லயத்தில் முணுமுணுத்ததற்காக என் அம்மா சிறு வயதில் அடி வாங்கியிருக்கிறார். கிளப் பாட்டாம், குடும்பப் பெண் பாடக்கூடாதாம்!

ஈஸ்வரியின் இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. கிறிஸ்துவக் குடும்பம். தாயார் ஜெமினியில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில்தான் தொடங்கினார். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு வந்த பிறகு, அது ஒலிக்காத கல்யாண வீடே இல்லை என்றானது. நம் தோட்டங்களிலும் அப்படித்தான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். கதாநாயகிக்கு பி.சுசீலா, கவர்ச்சி நடனத்துக்கு ஈஸ்வரி என்று திரையுலகம் பங்கு பிரித்துக்கொண்டது. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும் மேல்நாட்டு 'பிக் பேண்ட்' பாணி மெட்டா? கூப்பிடு ஈஸ்வரியை! 1969இல் வந்த 'சிவந்த மண்' படத்தின் சவுக்கடிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எம்.எஸ்.விஸ்வநாதனின் அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே, ஒவ்வோர் அடிக்கும் குரல் துடிக்கிறது. ஆனால் சுருதி அசையவில்லை. அதைக் குரல் சேட்டை என்று சொன்னவர்களுக்குக் காது இருந்ததா என்றே சந்தேகம்.

திரையில் வாய்ப்பு குறைந்த பிறகும் அம்மன் பாடல்கள் அவரை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. 2011இல் 'ஒஸ்தி' படத்துக்குப் பாடியபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் அதே கணீர்க் குரல்.

எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். லயம் இல்லை, சனங்களும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். இந்த உரையைத் தயாரிக்கும்போது, அடி வாங்கித் தந்த அந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அறுபது வயதைக் கடந்தவர். அதட்ட இப்போது யாருமில்லை.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்திட்டு வா" என்றார்.