உள்ளித்தண்டு
(கனடாக் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு ஆண்டில் உள்ளியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஸ்காபரோவில் ஒரு சமூகத் தோட்டத்தில் பழைய மாணவிகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு துண்டு நிலம் எடுத்தோம். வெங்காயம் விளைந்த மண்ணிலிருந்து வந்த எங்களுக்கு உள்ளி என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு. கடையில் வாங்கிய உள்ளியை மே மாதம் நட்டோம். கோடை முடியக் கிண்டிப் பார்த்தால் ஒன்றிலும் பல் இல்லை. எல்லாம் ஒற்றைக் குமிழ்.

பக்கத்துத் துண்டில் தோட்டம் செய்த முதியவர் ஒருவர்தான் பிழையைச் சொன்னார். உள்ளிக்குக் குளிர் வேண்டுமாம். ஒன்ராறியோவில் ஒக்டோபரில், நிலம் உறைவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் நட்டுவிட வேண்டும். பல்லின் கூர் மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி, மேலே வைக்கோல். பனிக்குக் கீழே மாரியைக் கழித்தால்தான் குமிழ் பல்லாகப் பிரியும். தண்டும் வேண்டுமென்றால் நடுத்தண்டு விடும் இனம் நட வேண்டும். இங்கே பலர் நடுவது ‘மியூசிக்’.

போன ஒக்டோபரில் அப்படியே நட்டோம். எங்களில் மூத்த அக்காவுக்கு முழங்கால் வருத்தம். விடுதியில் எங்கள் விளக்குகளை அணைப்பித்தவர் அவர். சின்ன முக்காலியில் இருந்து இருந்து ஒரு வரி முழுவதையும் தானே நட்டார். பெப்ரவரியில் காலமாகிவிட்டார். ஏப்ரலில் வைக்கோலை விலக்க, அவருடைய வரியும் முளைத்திருந்தது.

யூனில் தண்டுகள் எழுந்து சுருண்டன. ஒரு சுற்றுச் சுற்றியதும் முறித்துவிட வேண்டும். விட்டால் செடியின் பலம் மொட்டுக்குப் போய்க் குமிழ் சிறுக்கும், தண்டும் நாராகிவிடும். முறிக்கிற அன்று அக்காவின் மகள் வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. “அம்மா இஞ்ச என்ன செய்துகொண்டிருந்தவ?” என்று கேட்டார். அந்த வரியைக் காட்டி, தண்டை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தோம். இரவு தொலைபேசியில் கூப்பிட்டு, இதை என்ன செய்வது என்றார்.

வெங்காயப்பூ மாதிரித்தான் பிள்ளை என்றோம். அடியில் முற்றலையும் மொட்டுக்கு மேலுள்ள வாலையும் எறிந்துவிட்டு ஒரு அங்குலத் துண்டாக வெட்டு. கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் தாளித்து, தண்டை நிறம் மாறாமல் வதக்கித் தேங்காய்ப்பூ போட்டால் வறை. பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு, இரண்டாம் பாலில் அவிய விட்டுத் தலைப்பால் சேர்த்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் வெள்ளைக்கறி. உள்ளியின் காரம் இல்லை, வாசம் மட்டும் இருக்கும். மிஞ்சினால் பருப்புக்குள் போடலாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் வெக்கையில் தண்டு வராது, வெங்காயப்பூவில் செய்யுங்கள்.

யூலையில் கீழ் இலைகள் காயக் கிண்டினோம். மகளும் வந்து கிண்டினார். நிழலில் மூன்று கிழமை உலர்த்தினோம். பெரியதைத் தின்று சிறியதை நட ஆசை வரும். மறுமுறை விளைச்சல் சிறுத்துப்போகும். ஆகையால் அக்காவின் வரியில் பெரிய குமிழ்களை ஒதுக்கி வைத்தோம். மகளுக்கு ஆறு கொடுத்தாயிற்று. மற்றவை வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுங்கள். நடுகிற நாளில் மட்டும் பல்லைப் பிரியுங்கள், தோலை உரிக்க வேண்டாம்.