பசியும் பழியும்



கட்டுக்கதை என்று நாம் எளிதில் ஒதுக்கும் கதைகளிலே, அவற்றைப் படைத்த மக்களின் வாழ்வு மறைந்து கிடக்கின்றது. ஒரே ஒரு கதையைக் கொண்டு இதனை விளக்க விழைகின்றேன்.

ஜெர்மானியராகிய கிரிம் சகோதரர்கள் 1812-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியிலே, 'ஹான்சலும் கிரெட்டலும்' என்னும் கதை உள்ளது. நம் குழந்தைகள் பலரும் அறிந்ததே. காட்டோரத்தில் வாழும் ஏழை விறகுவெட்டி. நாட்டிலே உணவுப் பஞ்சம். நால்வரும் மாள்வதினும் இருவரேனும் பிழைப்போம் என்று, மக்களைக் காட்டிலே விட்டு வருகின்றனர். அலைந்து திரிந்த பிள்ளைகள் அங்கே கண்டது பொன் மாளிகையா? அன்று! ரொட்டியாலாகிய வீடு, இனிப்புப் பண்டத்தாலாகிய கூரை, சர்க்கரையாலாகிய பலகணி. பசித்தவன் கனவிலே உணவன்றி வேறென்ன தோன்றும்?

1315 முதல் 1317 வரை ஓயாத மழையால் பயிர் அழிந்து, வட ஐரோப்பா பெரும் பஞ்சத்திலே வாடியது. அதன் பின்னரும் பஞ்சங்கள் பல வந்தன. பசியறிந்த மக்களின் குரல் அக்கதையிலே ஒலிக்கின்றது.

இனி மற்றொன்றைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கைவிடத் தூண்டியவள், முதற் பதிப்பிலே பெற்ற தாய். 1840-இல் வந்த பதிப்பிலோ அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்! 'வெண்பனி' கதையிலும் 1819-இலேயே இம்மாற்றம் நேர்ந்தது. கதை வளமான இல்லங்களுக்குள் புகுந்தபோது, பெற்றவள் அவ்வாறு செய்வாள் என்பதை அவ்வில்லங்கள் பொறுக்கவில்லை போலும். மகப்பேற்றிலே தாய்மார் பலர் மாண்ட அக்காலத்தில், தாயற்ற பிள்ளைகளை வளர்த்த மாற்றாந்தாய்மாரும் பலர். பஞ்சம் செய்த கொடுமைக்கு அவர்கள் பழி சுமந்தனர். ஆகவே கதையைச் சொன்ன ஏழையின் பசியையும், அதைத் திருத்தியவரின் கூச்சத்தையும் ஒருங்கே அதில் காண்கின்றோம்.

அன்பர்களே! அண்மையில் என் பேத்தி, "அந்த அம்மா ஏன் தாத்தா பிள்ளைகளை விட்டுவிட்டாள்?" என்று வினவினாள். "அவள் மாற்றாந்தாய் அம்மா" என்று கூறிவிட்டேன். அருகிலே அவள் தோழி அமர்ந்திருந்தாள். சித்தியின் கையால் உண்டு வளரும் பெண். அம்முகம் வாடியதைக் கண்டு நாணினேன்.

பாட்டிமார் ஊரிலிருக்க, இங்கே கதை சொல்லும் கடமை நம்முடையது. பசி கொடிது என்று சொல்லுங்கள். சித்தி கொடியவள் என்று சொல்லாதீர்கள்.