மைக்கல் செர்வேத்தசின் மரணம்

சமயச் சீர்திருத்தம் ஐரோப்பாவை இரு கூறாக்கிய காலத்தில், அவ்விரு கூறும் ஒருங்கே தண்டித்த மனிதர் ஒருவர் உண்டு. அவரே மைக்கல் செர்வேத்தஸ் என்னும் ஸ்பானிய வைத்தியர். குருதி இருதயத்திலிருந்து நுரையீரல் வழியாகச் சென்று மீள்வதை விளக்கிய அவர், திரித்துவக் கோட்பாட்டை மறுத்தும் எழுதினார். 1553ஆம் ஆண்டில் பிரான்சிலுள்ள வியன் நகரில் கத்தோலிக்க அதிகாரிகள் அவரைச் சிறையிட்டனர். அவர் தப்பியோடவே, அவருடைய உருவத்தை எரித்தனர். புரட்டஸ்தாந்தத் தலைவர் கல்வின் வாழ்ந்த ஜெனீவாவுக்கு வந்தவர் அங்கும் சிறைப்பட்டார். கல்வின் மரண தண்டனையை ஆதரித்தார். ஆயினும் எரிக்காது சிரச்சேதம் செய்யுமாறு வேண்டினார். நகர சபை இணங்கவில்லை. ஒக்டோபர் 27ஆம் நாள் செர்வேத்தஸ் உயிரோடு எரிக்கப்பட்டார்.

முன்னர் ஜெனீவாவில் கல்லூரித் தலைவராயிருந்த கஸ்தெல்லியோ, 1554இல் பாசல் நகரிலிருந்து புனைபெயரில் ஒரு நூல் வெளியிட்டார். சமயக் கருத்துக்காக ஒருவரைக் கொல்லுதல் தகாது என்பதற்கு, லூதரின் எழுத்தையும் கல்வினின் பழைய எழுத்தையுமே அவர் சான்றாகக் காட்டினார். ஒடுக்கப்பட்டபோது பேசிய நீதி, அதிகாரம் கைவந்தபின் மறக்கப்பட்டதை அந்நூல் உணர்த்தியது.

முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து, 1903இல், கல்வினின் வழிவந்தோரே அப்பிழையை ஏற்று ஜெனீவாவில் நினைவுக்கல் நாட்டினர்.